எண்ணத் தெரிந்த கண்ணாடிக் குமிழ்

பழைய வானொலிப் பெட்டியின் பின்பக்கத்தைக் கழற்றிப் பார்த்தவர்களுக்கு 'வால்வு' என்றால் என்னவென்று தெரியும். கண்ணாடிக் குமிழ், உள்ளே சிவந்து எரியும் ஒரு கம்பி, அடியில் சில ஊசிகள். வானொலியில் அதன் பிரதான வேலை, மெல்லிய மின் சைகையைப் பெருக்கிக் கொடுப்பது.

அதே காலத்தில் எண்ணுவதற்கென்றே செய்யப்பட்ட குமிழ்களும் இருந்தன. 1950களில் அணு ஆராய்ச்சி நிலையங்களிலும் பௌதிகவியல் ஆய்வுகூடங்களிலும் அவை இரவு பகலாக வேலை செய்தன. இன்று அப்படி ஒன்று நம் கையில் கிடைத்தால், அது என்னவென்று தெரியாமலேயே பழைய இரும்புக்காரரிடம் போய்ச் சேரக்கூடும். கண்ணாடியில் அச்சடித்த எழுத்து அழிந்திருக்கும். அது வந்த பெட்டியும் இருக்காது. வானொலி வால்வு என்று நினைத்தால் அந்தக் கணக்கும் ஒத்துவராது.

அப்படியான ஒரு குமிழை எப்படி அடையாளம் காண்பது என்பதை இன்று பார்ப்போம். கூடவே, ஒருவர் அடையாளம் கண்டதால் மறதியிலிருந்து மீண்ட ஒரு கணனியின் வரலாறும் இருக்கிறது. கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாக வாசியுங்கள்.

*ஏன் எண்ண வேண்டி வந்தது?*

கதை கதிர்த்தொழிற்பாட்டிலிருந்து தொடங்குகிறது. 1909ஆம் ஆண்டளவில் மான்செஸ்டரில் ரதர்போர்டின் ஆய்வுகூடத்தில் கைகரும் மார்ஸ்டனும் அல்பாத் துணிக்கைகளை எண்ணினார்கள். அதற்கு அவர்களிடமிருந்த கருவி கண்தான். துணிக்கை ஒன்று நாக சல்பைட்டுத் திரையில் படும்போது ஒரு சின்ன மினுக்கம் தெரியும். இருட்டறையில் உட்கார்ந்து, கண் இருட்டுக்குப் பழகும்வரை காத்திருந்து, நுணுக்குக்காட்டி வழியாக அந்த மினுக்கங்களை ஒவ்வொன்றாக எண்ண வேண்டும். அணுவின் கரு பற்றிய பாடத்தை நாம் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுகிறோம். அதற்குப் பின்னால் இருட்டில் கண் நோக எண்ணிய மனிதர்கள் இருக்கிறார்கள்.

1928இல் கைகரும் முல்லரும் உருவாக்கிய குழாய் இந்தச் சிரமத்தைப் பெருமளவு குறைத்தது. கதிர் ஒன்று உள்ளே புகுந்தால் ஒரு மின் துடிப்பு வெளியே வரும். அந்தத் துடிப்பைக் கொண்டு, பல்சக்கரம் சுழலும் ஒரு பொறிமுறை எண்ணியை நகர்த்தலாம். ஆனால் சக்கரத்துக்கு வேகம் போதாது. துடிப்புகள் அடுத்தடுத்து வந்தால், முதலாவதை எண்ணி முடிப்பதற்குள் இரண்டாவது கடந்து போய்விடும். போனது போனதுதான், கணக்கில் வராது.

கேம்பிரிஜ் கவென்டிஷ் ஆய்வுகூடத்தில் வின் வில்லியம்ஸ் என்பவர் இதற்கு ஒரு வழி கண்டார். தைரட்ரோன் எனப்படும் வாயு நிரப்பிய வால்வுகளைச் சோடியாக இணைத்து, இரண்டு துடிப்பு உள்ளே போனால் ஒன்று மட்டும் வெளியே வரும்படி செய்தார். 1932இல் அந்தச் சுற்றை வெளியிட்டார். நான்கு சோடிகளை வரிசையாக வைத்தால் 16 துடிப்புக்கு ஒன்றுதான் சக்கரத்துக்குப் போகும். சக்கரமும் ஈடுகொடுக்கும்.

ஆனால் வாசிக்கும் மனிதருக்கு வேலை கூடியது. சக்கரம் காட்டும் எண்ணை 16ஆல் பெருக்கி, இடையில் நிற்கும் மீதியையும் பார்த்துக் கூட்ட வேண்டும். மனிதன் பத்து விரலால் எண்ணப் பழகியவன். பத்துப் பத்தாக எண்ணி, எண்ணியதைக் கண்ணுக்கும் காட்டும் ஒன்று கிடைக்காதா என்ற தேவை அங்கேதான் எழுந்தது.

*டெக்கட்ரோன்*

அந்தத் தேவைக்கு இங்கிலாந்தில், நொட்டிங்ஹாமுக்கு அருகிலுள்ள பீஸ்டனில் இயங்கிய எரிக்சன் டெலிபோன்ஸ் நிறுவனத்திலிருந்து ஒரு விடை வந்தது. 1950 மே மாதம் பேகன், பொல்லார்ட் என்ற இருவர் 'எலக்ட்ரோனிக் என்ஜினியரிங்' இதழில் எழுதிய கட்டுரை, 'டெக்கட்ரோன்' என்ற புதிய குமிழை உலகுக்கு அறிமுகப்படுத்தியது. 'டெக்கா' என்றால் கிரேக்கத்தில் பத்து.

இது எப்படி எண்ணுகிறது? தஸ்பீஹ் மாலையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு தடவையும் விரல் ஒரு மணியைத் தாண்டுகிறது. 33 முடிந்ததும் வடிவத்தில் வேறுபட்ட ஒரு மணி தட்டுப்படும். ஒரு சுற்று முடிந்தது என்பது பார்க்காமலேயே விளங்கிவிடும். டெக்கட்ரோனிலும் இதேதான் நடக்கிறது. விரலுக்குப் பதிலாக ஒரு ஒளிப்பொட்டு நகர்கிறது.

குமிழின் நடுவில் வட்டத் தட்டு ஒன்று உண்டு. அது அனோட்டு. அதைச் சுற்றி 30 மெல்லிய கம்பிகள் வட்டமாக நிற்கும். அவற்றில் 10 பிரதான கதோட்டுகள். ஒவ்வொரு பிரதான கதோட்டுக்கும் அடுத்ததற்கும் இடையில் இரண்டு வழிகாட்டிக் கம்பிகள். ஆகவே 10 + 10 + 10. கம்பிக்குக் கம்பி 12 பாகை, பிரதான கதோட்டிலிருந்து அடுத்த பிரதான கதோட்டுக்கு 36 பாகை.

உள்ளே வெற்றிடம் இல்லை. குறைந்த அமுக்கத்தில் பெரும்பாலும் நியோன் வாயு இருக்கும். நூற்றுக்கணக்கான வோல்ற்று அழுத்தத்தை ஒரு பெரிய தடையினூடாகக் கொடுத்தால், ஏதாவது ஒரு கதோட்டில் வாயு ஒளிரத் தொடங்கும். ஒளிர்வைத் தொடங்கி வைக்க அதிக அழுத்தம் வேண்டும். தொடர்ந்து வைத்திருக்கக் குறைந்த அழுத்தம் போதும். ஒரு கதோட்டு ஒளிர்ந்தவுடன் குமிழின் அழுத்தம் இறங்கிவிடுவதால் மற்றவை ஒளிர முடியாது. எனவே எந்த நேரத்திலும் ஒரே ஒரு பொட்டுத்தான் எரியும்.

இப்போது முதலாம் வழிகாட்டிக்கு ஒரு மறைத் துடிப்பு வருகிறது. முதலாம் வழிகாட்டிகள் பத்தும் ஒன்றாக இணைந்தவைதான். ஆனால் ஒளிர்வுக்குப் பக்கத்தில் நிற்பதைச் சுற்றியுள்ள வாயு ஏற்கெனவே அயனாகியிருப்பதால் பொட்டு அங்கேயே தாவுகிறது. அடுத்து இரண்டாம் வழிகாட்டி. துடிப்பு ஓய்ந்ததும் அடுத்த பிரதான கதோட்டு. ஓர் எண் கூடிவிட்டது. பத்தாவது தாவலில் பூச்சியத்துக்கு வந்ததும், அந்தக் கதோட்டிலிருந்து ஒரு துடிப்பு பக்கத்துக் குமிழுக்குப் போகும். அது பத்துகளை எண்ணும். அதற்கடுத்தது நூறுகளை. தரம் இரண்டுப் பிள்ளைக்கு எண்சட்டத்தில் நாம் காட்டும் இடப்பெறுமானம் இதுதான்.

இன்னொரு அழகு: வழிகாட்டிகளின் ஒழுங்கை மாற்றித் துடிப்பைக் கொடுத்தால் பொட்டு பின்னோக்கி நகரும். அதாவது கழிக்கும்.

*கையில் கிடைத்தது எது?*

எழுத்து அழிந்த ஒரு குமிழ் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம்.

முதலில் துடைக்காதீர்கள். இவற்றில் பல குமிழ்களின் எழுத்து கண்ணாடி மேல் இலேசாக அச்சடித்தது. ஈரத்துணி பட்டால் மிச்சமும் போய்விடும். கண்ணாடியில் மெதுவாக வாயால் ஆவி ஊதிச் சாய்வான வெளிச்சத்தில் பார்த்தால், மறைந்த எழுத்து சில வேளை தெரியும். பழைய வால்வு சேகரிப்பவர்கள் செய்யும் வேலை இது.

எழுத்து கிடைத்தால் வேலை சுலபம். எரிக்சன் நிறுவனத்தின் பெயரிடல் ஒழுங்கானது. 'ஜீ.சி.10பி' என்றால் ஜீ வாயுவுக்கு, சி எண்ணிக்கு, 10 நிலைகளின் எண்ணிக்கைக்கு, கடைசி எழுத்து வகைக்கு. 'ஜீ.எஸ்.10சி' என்றால் எஸ் தெரிவுக்குமிழைக் குறிக்கும். எண்ணிக் குமிழில் பூச்சியக் கதோட்டு மட்டும் தனியாக வெளியே வரும், மற்ற ஒன்பதும் உள்ளேயே ஒன்றாகக் கட்டப்பட்டிருக்கும். அனோட்டு, பூச்சியம், மற்ற ஒன்பது, இரண்டு வழிகாட்டித் தொகுதிகள் என ஐந்து தொடுப்பு போதும். தெரிவுக்குமிழில் பத்துக் கதோட்டும் தனித்தனியே வெளியே வருவதால் அடியில் ஊசிகள் அதிகம். ஆகவே எழுத்து இல்லாவிட்டாலும் அடிப்பாகம் ஓரளவு பேசும்.

அடுத்து, தலைப்பக்கமாக வைத்து உள்ளே பாருங்கள். வட்டமாகக் கம்பிகள் தெரிந்தால் எண்ணுங்கள். 30 என்றால் பத்து நிலை. 36 என்றால் பன்னிரண்டு நிலை. அப்படியும் ஒரு வகையை எரிக்சன் நிறுவனம் செய்தது. ஒரு ஷில்லிங்குக்கு 12 பென்ஸ், ஒரு டசினுக்கு 12 என்று கணக்குப் பார்த்த நாட்டில் அதற்கும் தேவை இருந்தது. பிரித்தானியா தன் நாணயத்தைத் தசமத்துக்கு மாற்றியது 1971இல்தான்.

உள்ளே 0 முதல் 9 வரை இலக்க வடிவிலேயே வளைத்த கம்பிகள் ஒன்றன்பின் ஒன்றாக இருந்தால் அது 'நிக்சி'. அழகானது, ஆனால் அதற்கு எண்ணத் தெரியாது. யாரோ எண்ணிச் சொன்னதைக் காட்டும், அவ்வளவுதான்.

குமிழின் பக்கவாட்டில் 0 முதல் 9 வரை இலக்கங்கள் வரிசையாக இருந்து, உள்ளே சூடாகும் இழையும் இருந்தால், அது பிலிப்ஸ் நிறுவனத்தின் 'ஈ1டி' ஆகலாம். 1952இல் நெதர்லாந்தில் வெளிவந்தது. இதில் வாயு இல்லை. நாடா போன்ற ஓர் இலத்திரன் கற்றை பத்து இடங்களில் எங்காவது ஓரிடத்தில் நிலைத்து நிற்கும். துடிப்பு வந்தால் அடுத்த இடத்துக்கு நகரும். அது நிற்கும் இலக்கத்துக்குப் பக்கத்தில் ஒளிரும் கோடு தெரியும். டெக்கட்ரோன் ஜீ.சி.10பி செக்கனுக்கு நாலாயிரம் வரை எண்ணும் என்றால், இது முப்பதாயிரம் வரை போகும்.

குமிழைச் சுற்றி உருளை வடிவில் ஒரு காந்தம் இருந்தால் அது இன்னொரு குடும்பம்: 'ட்ரோக்கோட்ரோன்'. இதன் அடிப்படை சுவீடனில் ஹன்னெஸ் அல்ஃப்வேன் குழுவினரின் ஆய்வில் 1940களின் கடைசியில் உருவானது. பின்னர் 1970இல் பௌதிகவியலுக்கான நோபல் பரிசு பெற்ற அதே அல்ஃப்வேன்தான். காந்தப் புலத்திலும் மின் புலத்திலும் சேர்ந்து இலத்திரன் கற்றை வளைந்து, ஒவ்வோர் அறையாகத் தாவும். வேகம் மிக அதிகம். ஆனால் ஒளிப்பொட்டு எதுவும் இல்லை. காந்தத்தைக் கழற்றி எறிந்துவிட்டால் பிறகு அந்தக் குமிழால் பயனில்லை.

ஒரு எச்சரிக்கை. அடையாளம் காணும் ஆர்வத்தில் யாரும் மின்சாரம் கொடுத்துப் பார்க்க வேண்டாம். டெக்கட்ரோனுக்கு 400 வோல்ற்றுக்கு மேல் தேவைப்படும். அது ஆளைக் கொல்லும். உடைக்கவும் வேண்டாம். அக்காலத்து வாயுக் குமிழ்கள் சிலவற்றில், ஒளிர்வு எளிதாகத் தொடங்குவதற்காக மிகச் சிறிதளவு கதிர்த்தொழிற்பாட்டுப் பொருள் சேர்க்கப்பட்டது.

*828 குமிழ்கள் கொண்ட கணனி*

நமது பாடப்புத்தகத்தில் கணனியின் தலைமுறைகள் ஓர் அட்டவணையாக இருக்கும். முதலாம் தலைமுறை வெற்றிடக் குழாய், இரண்டாவது திரான்சிஸ்டர், மூன்றாவது ஒருங்கிணைந்த சுற்று. பரீட்சைக்கு அது போதும். ஆனால் இந்த அட்டவணையின் எந்தக் கட்டத்திலும் சரியாகப் பொருந்தாத ஒரு கணனி இன்றும் இங்கிலாந்தில் இருக்கிறது.

ஹாவெல் அணுசக்தி ஆராய்ச்சி நிலையத்தில் அக்காலத்தில் நீண்ட கணக்குகளை இளம் உதவியாளர்கள் கையால் இயக்கும் கணிப்பொறிகளில் செய்தார்கள். ஒரே மாதிரியான, சலிப்பூட்டும் வேலை. சலித்தால் பிழை வரும். அந்தச் சுமையைக் குறைக்க டெட் குக் யார்பரோ, டிக் பார்ன்ஸ், கர்னி தோமஸ் ஆகிய மூவரும் ஒரு பொறியை வடிவமைத்தார்கள். கட்டுப்பாட்டுக்குத் தொலைபேசிப் பரிவர்த்தனை நிலையங்களில் பாவிக்கப்படும் ரிலேக்கள், எண்களை வைத்திருக்க டெக்கட்ரோன்கள், கட்டளைகளுக்குத் துளையிட்ட கடதாசி நாடா. 1951இல் அது ஓடத் தொடங்கியது. 2.5 தொன் எடை, 828 டெக்கட்ரோன், 480 ரிலே.

வேகத்தைக் கேட்டால் சிரிப்பு வரும். ஒரு பெருக்கலுக்கு 5 முதல் 10 செக்கன். பார்ட் ஃபொஸி என்ற கணிதர் ஒருநாள் மேசைக் கணிப்பொறியோடு உட்கார்ந்து அதனோடு போட்டி போட்டார். அரை மணித்தியாலம் வரை சமமாக ஓடினார். பிறகு களைத்து எழுந்துவிட்டார். பொறி தன் பாட்டில் ஓடிக்கொண்டே இருந்தது. அதன் பெறுமதியே அதுதான். ஒரு நத்தார், புதுவருட விடுமுறைக்கு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டுப் பத்து நாள் கழித்துத் திரும்பியபோதும், ஆளில்லாத அறையில் அது கணக்குச் செய்துகொண்டிருந்ததாம்.

1957இல் ஹாவெலுக்கு அது பழசாகிவிட்டது. உடைத்து விற்றிருக்கலாம். அவர்கள் ஒரு போட்டி வைத்தார்கள்: இந்தப் பொறியை மிகப் பயனுள்ள முறையில் பாவிக்கப்போகும் கல்லூரி எது? வென்றது வுல்வர்ஹாம்ப்டன், ஸ்டஃபர்ட்ஷயர் தொழில்நுட்பக் கல்லூரி. அங்கே 'ஹாவெலிலிருந்து வந்த, கணிப்பீடு கற்பிக்கும் வுல்வர்ஹாம்ப்டன் கருவி' என்ற பொருளில் ஒரு பெயர் வைத்தார்கள். ஆங்கில முதலெழுத்துகளைச் சேர்த்தால் 'விட்ச்', அதாவது சூனியக்காரி. 1973 வரை அந்தச் சூனியக்காரி மாணவர்களுக்குக் கணனி கற்பித்தாள்.

ஆசிரியர்களான நமக்கு இந்த இடம் மிக முக்கியமானது. இன்றைய கணனியின் உள்ளே நடப்பதைப் பிள்ளைக்குக் காட்ட முடியாது. சொல்லத்தான் முடியும். விட்சின் முன்னால் நின்ற மாணவன் கூட்டலைக் கண்ணால் பார்த்தான். 7 நிற்கும் குமிழில் 5 கூடும்போது பொட்டு எட்டுக்கும் ஒன்பதுக்கும் போய், பூச்சியத்தைத் தாண்டி 2இல் நிற்கும். பக்கத்துக் குமிழில் ஒன்று கூடும். எட்டு இலக்க எண் எட்டுக் குமிழில் நிற்கும். ஆராய்ச்சிக்கு மெதுவாகிப்போன பொறியின் அதே மெதுவான நடை வகுப்பறைக்குப் பொருத்தமாகிவிட்டது.

*மீண்டும் கண்டது*

1973க்குப் பிறகு அது பர்மிங்ஹாம் விஞ்ஞான, கைத்தொழில் நூதனசாலையில் காட்சிக்கு வைக்கப்பட்டது. அந்த நூதனசாலை 1997இல் மூடப்பட்டதும் கணனி பிரிக்கப்பட்டுக் களஞ்சியத்துக்குப் போனது. பாகங்களாகக் கிடந்ததை வெளியே யாரும் தேடவில்லை.

2008இல் அந்தக் களஞ்சியத்தில் எடுக்கப்பட்ட சில படங்களைக் கெவின் மரல் பார்த்தார். அவர் பிளெச்லி பார்க்கிலுள்ள தேசிய கணனி நூதனசாலையின் நம்பிக்கைப் பொறுப்பாளர்களில் ஒருவர். ஒரு படத்தின் ஓரத்தில் ஒரு கட்டுப்பாட்டுப் பலகை தெரிந்தது. அவர் அதை உடனே அறிந்துகொண்டார். ஏனென்றால் 1970களில், பதின்ம வயதில், பர்மிங்ஹாமில் அந்தப் பொறியின் முன் நின்று வியந்து பார்த்தவர் அவர்.

2009இல் பாகங்கள் பிளெச்லி பார்க்குக்கு வந்தன. டெல்வின் ஹொல்ரொய்ட் தலைமையில் தொண்டர்கள் மூன்று வருடங்களாக அதைச் சீர்செய்தார்கள். 2012 நவம்பர் 20ஆம் திகதி, வடிவமைத்தவர்களில் ஒருவரான டிக் பார்ன்ஸும் பார்த்திருக்க, அது மீண்டும் இயங்கியது. வேலை செய்யும் நிலையிலுள்ள உலகின் மிகப் பழைய மூல எண்முறைக் கணனி என்று அந்த நூதனசாலை அதைக் காட்சிக்கு வைத்திருக்கிறது.

டெக்கட்ரோன் திருத்துபவர்கள் அறிந்த ஒரு விஷயம் உண்டு. பொட்டு ஒரே கதோட்டில் நெடுங்காலம் நின்றுவிட்டால் மற்றக் கதோட்டுகளின் மேற்பரப்பு கெட்டு, பொட்டு அவற்றில் ஒட்டிக்கொள்ளும் அல்லது தாண்டிப் போகும். அப்படியான குமிழைத் தூக்கி எறிய மாட்டார்கள். தொடர்ந்து சுழல விடுவார்கள். ஓட ஓடப் பல குமிழ்கள் மெல்லச் சரியாகிவிடும்.

1961இல் வெளிவந்த உலகின் முதலாவது முழு இலத்திரனியல் மேசைக் கணிப்பொறியான 'அனீட்டா'வின் உள்ளேயும் டெக்கட்ரோன் இருந்தது. பிறகு திரான்சிஸ்டரும் ஒருங்கிணைந்த சுற்றும் வந்தன. எண்ணும் குமிழ்களின் காலம் முடிந்தது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். பாடசாலை ஆய்வுகூடத்திலோ, வேலைத்தளத்திலோ, ஓய்வுபெற்ற ஒருவரின் வீட்டிலோ பழைய கருவிகளைக் கழிக்கும் நாள் வந்தால், அவற்றைத் தூக்குவதற்கு முன் படம் எடுங்கள். குமிழை மட்டும் எடுக்காமல், அது பொருத்தப்பட்டிருந்த பலகையையும் முகப்பையும் சேர்த்து எடுங்கள். கழற்றிய குமிழோடு அது எதிலிருந்து வந்தது என்று ஒரு துண்டில் எழுதி வையுங்கள். விட்சைக் காப்பாற்றியது படத்தின் ஓரத்தில் தெரிந்த ஒரு பலகையும், அதைச் சிறு வயதில் கண்ட ஒருவரின் ஞாபகமும்தான். அந்த ஞாபகம் உள்ளவர் இன்று உங்கள் வகுப்பில் இருக்கும் ஒரு பிள்ளையாகவும் இருக்கலாம். ஆகவே கழிப்பதற்கு முன் பிள்ளைகளுக்கும் ஒருமுறை காட்டிவிடுங்கள்.